இரண்டு மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் ரத்தப்போக்கும் சீக்கிரம் நின்றுவிடுமா?

என் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை வலி எடுத்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பிறந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "கொடுத்து வச்சவ நீ, கஷ்டமே படாம பெத்துட்ட." அவளும் சிரித்துத் தலையாட்டினாள். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், போட்டிருந்த பேட் நனைந்து விரிப்பு வரைக்கும் ஈரம் போயிருந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சீக்கிரமே முடிந்துவிட்டதே, இதற்குப் போய் என்ன சொல்வது என்று நினைத்தாளாம். ராத்திரி விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் ஒரு பார்வை பார்த்தார், அக்காவின் அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினார், "பஞ்சு மாதிரி இருக்கே" என்றார். அடுத்த நிமிடம் கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. அப்புறம் ஊசி, டிரிப், டாக்டர் எல்லாம் வேகமாக நடந்து, அவள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள்.

பிரசவம் எவ்வளவு நேரம் ஓடியது என்பது ஒரு விஷயம், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறுவது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வேகமாகப் பெற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தை முடிந்தவரை எளிமையாகப் பிரித்துக் காட்டலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## வேகப் பிரசவம் என்று எதைச் சொல்கிறோம்?

கர்ப்பப்பை ஒழுங்கான இடைவெளியில் இறுகி இறுகித் தளர ஆரம்பித்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிட்டால் அது அதிவேகப் பிரசவம். தலைப்பிரசவம் பெரும்பாலும் அரை நாளோ அதற்கு மேலோ ஓடும், அடுத்தடுத்த பிரசவங்கள் அதைவிடச் சீக்கிரம் முடியும். அதனால் இந்த 3 மணி நேரக் கதை ஏற்கெனவே பெற்றவர்களிடம்தான் அதிகம் கேட்கக் கிடைக்கும். சிலருக்குக் கர்ப்பப்பையின் இறுக்கம் இயல்பாகவே பலமாக இருக்கும். சிலருக்குப் பிறப்புப் பாதையின் தசைகள் அதிகம் எதிர்ப்புக் காட்டாமல் இளகிக் கொடுக்கும். வலி வருவதற்காகக் கொடுத்த மருந்து கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிடுவதும் உண்டு.

வேகம் என்றால் வலி குறைவு என்று பொருள் இல்லை. வழக்கமான பிரசவத்தில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொள்ள இடம் இருக்கும். அதிவேகப் பிரசவத்தில் அந்த இடைவெளியே கிடைக்காது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஏறி வரும். பத்து மணி நேரத்தில் ஏறி இறங்க வேண்டிய மலையை உடம்பு ஒன்றரை மணி நேரத்தில் ஓடிக் கடந்திருக்கிறது. கஷ்டமே படாமல் பெற்றாள் என்று சொல்வது அந்த ஓட்டத்தைப் பார்க்காதவர்கள் பேச்சு.

## கண்ணுக்குத் தெரியாத புண்

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதலில் புரிய வேண்டும். ஒன்பது மாதமும் குழந்தைக்குச் சத்தும் காற்றும் கொடுத்த உறுப்பு நஞ்சுக்கொடி. கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இது ஏறக்குறைய 20 செ.மீ. அகலம், அரைக் கிலோ எடை, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குழந்தை பிறந்த கொஞ்ச நேரத்தில் இது சுவரிலிருந்து உரிந்து வெளியே வரும். உரிந்த இடத்தில் ஒரு பெரிய புண் இருக்கும். கையிலோ காலிலோ அவ்வளவு பெரிய புண் இருந்தால் நாம் அந்த ஆளை நடக்கவே விடமாட்டோம். உள்ளே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்தப் புண்ணில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. வரை ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. மனித உடம்பில் மொத்தமே 5 லிட்டர் சுமார்தான் ரத்தம், கர்ப்ப காலத்தில் அது ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கூடியிருக்கும். அந்தக் குழாய்கள் அப்படியே திறந்து கிடந்தால் பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து வாய் மூடிக்கொள்ளும். இங்கே வரும் வேகத்துக்கு உறைதல் மட்டும் ஈடு கொடுக்காது, அதற்கு முன்னால் குழாயைப் பிடித்து நெரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கர்ப்பப்பைத் தசைதான். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே நூல்கள் ஓடுவதாக நினைத்துக்கொண்டு கைகளை இறுக்குங்கள், நூல் அசைய முடியாது. கர்ப்பப்பையின் தசை நார்களும் அப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன, ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலுக்கு நடுவே ஓடுகின்றன. தசை இறுகியதும் அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் நெரிபடும். அதற்குப் பிறகுதான் ரத்தம் உறைந்து மிச்ச வேலையை முடிக்கும்.

பிரசவம் முடிந்த கையோடு நர்ஸ் வயிற்றை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். தொப்புள் பக்கத்தில் கடினமான பந்து மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால் கர்ப்பப்பை இறுகியிருக்கிறது. தொளதொளவென்று எங்கே இருக்கிறதென்றே பிடிபடாமல் இருந்தால் இறுகவில்லை. அக்காவுக்குச் சொன்ன அந்தப் பஞ்சு இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பிரசவம் 2 மணி நேரம் ஆனாலும் 20 மணி நேரம் ஆனாலும் உள்ளே இருக்கும் புண் ஒரே அளவுதான். ரத்தம் கட்டுக்குள் வருவது கர்ப்பப்பை இறுகுவதைப் பொறுத்தது.

## வேகம் எங்கே குறுக்கே வருகிறது?

குழந்தையை வெளியே தள்ளிய அதே தசைதான் இப்போது இறுகிப் பிடித்துக்கொண்டும் நிற்க வேண்டும். நனைந்த கனமான போர்வையை மூச்சு விடாமல் முறுக்கிப் பிழிந்துவிட்டு, அடுத்த நொடியே கையை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? விரல் தானாகத் தளரும். இடைவெளியே இல்லாமல் வேலை செய்த கர்ப்பப்பையும் சில சமயம் அப்படித் தளர்ந்துவிடும். இதற்குக் கர்ப்பப்பைத் தளர்வு என்று பெயர். பிரசவத்துக்குப் பிந்தைய அதீத ரத்தப்போக்கில் பத்தில் ஏழுக்கு இதுதான் காரணம். ரொம்ப நேரம் இழுத்த பிரசவத்திலும் இதே தளர்வு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், களைப்பு இரண்டு வழியாகவும் வரலாம்.

அடுத்தது கிழிசல். கழுத்து இறுக்கமான பனியனை மெதுவாக விரித்துக்கொண்டே தலையில் மாட்டினால் தையல் நிற்கும், அவசரமாக ஒரே இழுப்பில் இழுத்தால் எங்கேயோ ஒரு இடத்தில் பிரியும். கர்ப்பப்பையின் வாய், பிறப்புப் பாதை, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கும் தோலும் தசையும், இவையெல்லாம் மெல்ல மெல்ல விரிந்து கொடுக்கக் கூடியவை. விரியவே நேரம் இல்லாதபோது கிழியும். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறது, ஆனாலும் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் விடாமல் ஒழுகுகிறது என்றால் டாக்டர்கள் முதலில் தேடுவது கிழிசலைத்தான். கர்ப்பப்பை வாயில் இருக்கும் கிழிசல் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, நல்ல வெளிச்சம் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். அதனால் வேகமாகப் பெற்றவர்களை ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது, ஏற்பாடு செய்ய நேரம் இல்லாமல் போவது. குழந்தை பிறந்தவுடனே தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுவது உலகமெங்கும் வழக்கம். ஆக்சிடோசின் என்பது கர்ப்பப்பையை இறுகச் செய்யும் ஹார்மோன், உடம்பிலேயே சுரப்பதுதான், ஊசியாகவும் கொடுக்கிறார்கள். வண்டியிலோ குளியலறையிலோ வாசற்படியிலோ குழந்தை பிறந்துவிட்டால் அந்த ஊசி சரியான நேரத்துக்குக் கிடைக்காது. நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்கவும் ஆள் இருக்காது. துண்டு தங்கினால் கர்ப்பப்பையால் முழுசாக மூட முடியாது. கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேகமாகப் பெற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது எதுவுமே நடப்பதில்லை. வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அதனால் முதல் நாள் கவனமும் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

## எவ்வளவு போனால் அதிகம்?

பிறந்த 24 மணி நேரத்துக்குள் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய அதீத ரத்தப்போக்கு என்பார்கள், 1000 மி.லி. தாண்டினால் தீவிரம். ஆனால் இதைக் கண்ணால் அளக்க முடியாது. விரிப்பில் பரவியது, துணியில் ஊறியது, தரையில் சிந்தியது எல்லாம் கலந்து கிடக்கும்போது பார்ப்பவர்கள் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள், அனுபவசாலிகளும் கூட. அதனால்தான் நனைந்த பேட்களை எடை போடுவது, அளவு குறித்த பையைத் தாயின் கீழே வைத்துச் சேகரிப்பது போன்ற வழிகள் வந்தன. ரத்தம் 1 கிராம் என்றால் ஏறக்குறைய 1 மி.லி. என்று வைத்து, காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் கணக்கு கிடைத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பு சேர்த்து வைத்த கூடுதல் ரத்தம் ஒரு சேமிப்பு மாதிரி. கொஞ்சம் போனாலும் பிபி இறங்காமல் தாக்குப்பிடிக்கும், தாய் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். சேமிப்பு தீர்ந்ததும் தடாலென்று விழும். அதற்கு முன்னால் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நாடித் துடிப்புதான், அது முதலிலேயே வேகமெடுக்கும். 2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 300 மி.லி. போயிருக்கிறது, கூடவே நாடித் துடிப்போ பிபியோ சரியில்லை என்றாலே, 500 ஆகும் வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது.

சிகிச்சை என்று என்ன செய்வார்கள்? கர்ப்பப்பையை வெளியிலிருந்து தேய்த்து இறுக வைப்பது, ஆக்சிடோசின், ரத்தம் உறைந்த இடம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து, டிரிப், கிழிசலோ மிச்சமோ இருக்கிறதா என்ற பரிசோதனை. ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவதில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், அறைக்குள் திடீரென்று நாலைந்து பேர் வருவது அதனால்தான். வயிற்றைத் தேய்ப்பது நன்றாகவே வலிக்கும். சிறுநீர் கழிக்கவும் சொல்வார்கள், முடியாவிட்டால் குழாய் போடுவார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி இறுகவிடாமல் செய்துவிடும்.

## வீட்டுக்கு வந்த பிறகு: எது இயல்பு?

பிரசவம் முடிந்த பிறகு சில வாரங்களுக்கு வரும் ரத்தமும் கசிவும் புண் ஆறுவதன் அடையாளம். முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, மாதவிடாயைவிட அதிகம், சின்னக் கட்டிகளும் வரலாம். அப்புறம் பத்து நாள் வரைக்கும் இளஞ்சிவப்பு, பழுப்பு. அதற்கு மேல் மஞ்சள் கலந்த வெள்ளைக் கசிவாக நான்கு முதல் ஆறு வாரம் போகும். சிசேரியன் செய்தவர்களுக்கும் இது உண்டு, புண் கர்ப்பப்பைக்குள்ளே அல்லவா இருக்கிறது.

பயந்துபோகிற மாதிரியான ஆனால் இயல்பான இரண்டு தருணங்கள் இருக்கின்றன. ராத்திரி முழுக்கப் படுத்துவிட்டுக் காலையில் எழுந்து நிற்கும்போது குபுக்கென்று வரும். படுத்திருந்தபோது உள்ளே தேங்கியதுதான் அது, உடனே அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். இரண்டாவது, 7 முதல் 14 நாளுக்குள் ஒருநாள் திடீரென்று மறுபடியும் சிவப்பாகக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். முழங்கால் காயத்தில் பொருக்கு உதிரும்போது கொஞ்சம் ரத்தம் கசியுமே, அதேதான், கர்ப்பப்பைக்குள் நஞ்சுக்கொடி இருந்த இடத்துப் பொருக்கு உதிர்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும்.

பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். குழந்தை சப்புவதால் ஆக்சிடோசின் சுரந்து கர்ப்பப்பை இறுகுகிறது. இரண்டாவது, மூன்றாவது குழந்தை பெற்றவர்களுக்கு இந்த வலி அதிகம். பிரசவம் முடிந்ததும் சுமார் ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை ஒரு வாரத்தில் பாதியாகி, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும், அந்தச் சுருக்கத்தின் வலிதான் இது.

நிறம் வெளுத்துக்கொண்டு வந்த கசிவு, வீட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்த அன்றைக்கு மறுபடி சிவந்தால், கொஞ்சம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று அர்த்தம். வேகமாகப் பெற்றவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். "எனக்கொன்றும் இல்லை, சீக்கிரமே ஆயிடுச்சு" என்று மூன்றாம் நாளே எழுந்து நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள், சுற்றி இருப்பவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள்.

சுருக்கமாக, நாள் போகப் போக அளவு குறைய வேண்டும், நிறம் வெளுக்க வேண்டும். நடுவே ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கினால் இயல்பு, ஏறி ஏறிக்கொண்டே போனால் இயல்பில்லை.

## எப்போது உடனே போக வேண்டும்?

ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் போய்விடுங்கள், மூன்றாவது பேடுக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் ஒரேயடியாகக் கொட்டினால் இரண்டாவது மணி நேரத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. கோழி முட்டையைவிடப் பெரிய கட்டி வந்தாலும் அப்படித்தான். தலைசுற்றல், படபடப்பு, உடம்பு சில்லிட்டு வியர்ப்பது, கண் இருட்டுவது ஆகியவை ரத்தம் அதிகம் போனதன் அடையாளம், வெளியே தெரியும் ரத்தம் குறைவாக இருந்தாலும் கூட. துர்நாற்றம், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் விடாத வலி இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி இவையும் காத்திருக்கக் கூடாதவை.

முதல் 24 மணி நேரம் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு 12 வாரம் வரைக்கும் அதீத ரத்தப்போக்கு வரலாம், பெரும்பாலும் தங்கிப்போன துண்டோ தொற்றோதான் காரணம்.

## தையல், சோர்வு

கிழிசல் நான்கு நிலைகளாகச் சொல்லப்படும். தோல் மட்டும் என்றால் முதல் நிலை, தசை வரை போனால் இரண்டாவது, ஆசனவாயைச் சுற்றிய தசை வரை மூன்றாவது, அதையும் தாண்டி உள்தோல் வரை நான்காவது. உங்களுக்கு எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மலம், காற்று அடக்க முடியாமல் போவது போன்ற பிரச்சினை பின்னால் வந்தால் அந்தத் தகவல் உதவும். முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும். முக்க வேண்டி வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

சோர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சோர்வாகத்தான் இருப்பார்கள் என்று சொல்லியே ரத்தசோகையைத் தவறவிட்டுவிடுகிறோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தூங்கி எழுந்தாலும் தெளியவில்லை, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தசோகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை, தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து என்று வழிகள் உண்டு. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும், மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

## மனசு பின்னால் வரும்

குழந்தை பிறந்ததும் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கும், பற்கள் அடித்துக்கொள்ளும். அது பயப்பட வேண்டியதில்லை, கொஞ்ச நேரத்தில் நிற்கும். மனசு அப்படி உடனே நிற்பதில்லை. அக்கா பல நாள் கழித்துச் சொன்னாள், "என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியல, யாரோ என்னைத் தூக்கிட்டுப் போய் எறிஞ்ச மாதிரி இருந்துச்சு." வலி நிவாரணி கேட்க நேரமில்லை, கூட வர வேண்டியவர் வந்து சேரவில்லை, உடம்பு தன் கையை விட்டுப் போய்விட்டது. இப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு எல்லாரும் "கொடுத்து வச்சவ" என்றால் அழவும் முடியாது, சொல்லவும் முடியாது.

நடந்ததை வரிசையாக விளக்கச் சொல்லி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள், விட்டுப்போன துண்டுகள் சேர்ந்தாலே பலருக்கு மனசு கொஞ்சம் அமரும். அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது, கெட்ட கனவு, குழந்தையிடம் ஒட்டவே முடியவில்லை என்று ஒரு மாதத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

## அடுத்த முறை

ஒருமுறை வேகமாகப் பிறந்தால் அடுத்ததும் அப்படியே பிறக்க வாய்ப்பு அதிகம். அதீத ரத்தப்போக்கும் ஒருமுறை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே முதல் பரிசோதனையிலேயே இரண்டையும் சொல்லிவிடுங்கள். வலி லேசாக ஆரம்பித்ததுமே கிளம்புங்கள், இன்னும் பார்க்கலாம் என்று உட்கார வேண்டாம்.

போய்ச் சேருவதற்குள் பிறந்துவிட்டால்? முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். குழந்தையை உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து இருவரையும் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம், நஞ்சுக்கொடியை வெளியே கொண்டுவர அதைப் பிடித்து இழுக்கவே வேண்டாம், இழுத்தால் ரத்தம் கொட்டும். தானாக வந்தால் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு சேர்த்து எடுத்துப் போங்கள், முழுசாக வந்ததா என்று டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். குழந்தையைப் பால் சப்பவிடுங்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகும் ரத்தம் அதிகமாக வந்தால், அடிவயிற்றில் தொப்புளை ஒட்டிக் கை வைத்து, உள்ளே ஒரு பந்து இறுகும் வரை வட்டமாக அழுத்தித் தேயுங்கள்.

அக்காவின் மூன்றாவது கர்ப்பத்தில் அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தில் டாக்டர் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினார்: போன பிரசவம் ஒன்றே முக்கால் மணி நேரம், பிறகு அதீத ரத்தப்போக்கு. அந்த முறை குழந்தை இரண்டு மணி நேரத்தில் பிறந்தது, தோள் வெளியே வரும்போதே ஊசி நர்ஸ் கையில் தயாராக இருந்தது.